கேட்டவ கிணறு

கொட்டாவிய அடக்கிக்கிட்டுக் கேளுங்க. இது எங்க வீட்டுக் கதை. பாதியில எந்திரிச்சுப் போனா எனக்குக் கோவம் வரும்.

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, இரும்பாணி இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத காலம். தேரி மணலுக்கு நடுவுல சாத்தான்விளைன்னு ஒரு ஊரு. செவச்செவன்னு மணலு. தோண்டுன கிணறெல்லாம் சரியுமாம். அப்படிச் சரிஞ்சதுல முத்துப்பேச்சின்னு ஒருத்தியோட புருசன் உள்ளயே போயிட்டானாம். எடுக்கக்கூட முடியலையாம்.

அந்த ஊருல எங்க முப்பாட்டனுக்கும் முப்பாட்டன், பூவநாத ஆசாரின்னு ஒருத்தரு. அவருதான் ஒரு வழி சொன்னாராம். நெல்லி மரத்தத் துண்டு துண்டா அறுத்து, ஒண்ணோட நாக்க அடுத்ததோட துளையில சொருகி, பெரிய வளையம் செய்யணும். வளையத்த மணல்ல வச்சு, அதுக்கு மேல செங்கச்சுவரு. உள்ள ஆளு இருந்து மணல அள்ள அள்ள, சுவரு வளையத்தோட கீழ எறங்கும். மணலு சரியாது. ஆனா வளையம் விட்டுச்சுன்னா மொத்தச் சுவரும் உள்ள இருக்கவன் தலையிலதான்.

வளையம் செஞ்சாச்சு. ஊரே தண்ணியில்லாமத் தவிச்சுக்கிட்டு நிக்கி. உள்ள எறங்க முத்துப்பேச்சியோட தம்பி கொம்பையா மண்வெட்டிய எடுத்தானாம். முத்துப்பேச்சி வந்து குறுக்க நின்னாளாம். சத்தம் போடல, அழல.

"ஆசாரியாரே, எந்தம்பி கூட ஒங்க மவனையும் எறக்குவீயளா?"

ஆசாரி கோடாலிய எடுத்து, தான் செஞ்ச வளையத்தத் தானே வெட்டிப் பொளந்தாராம். உள்ள ஒரு துண்டுல கீறலு. வேற மரம் கெடைக்கலன்னு அரக்க வச்சு அடச்சிருந்தாராம்.

நல்ல மரம் தேடித் தேரியத் தாண்டிப் போனாரு. அவரு வாரதுக்குள்ள ஊருல மாடு கன்னு செத்துச்சு. தாகத்துல ஒரு பச்சப்புள்ளையும் போயிருச்சு. ஊரு ஆசாரிய ஏசல, முத்துப்பேச்சியத்தான் ஏசுச்சு. அவ வாயத் தொறந்ததாலதான் கிணறு நின்னுபோச்சாம். அவ பேரையே விட்டுட்டு, "கேட்டவ வாரா, கேட்டவ போறா"ன்னு காறித் துப்புனாவளாம். என்ன நியாயமோ.

ஆசாரி திரும்பி வந்து புது வளையம் செஞ்சாரு. கொம்பையா கூடத் தம்மவனையும் உள்ள எறக்குனாரு. சுவரு எறங்கிச்சு, மணலு நெருக்கிச்சு, மரம் முனகிச்சு. வளையம் விடலையாம். தண்ணி ஊறி, ரெண்டு பேரும் நனஞ்ச காலோட மேல வந்தாவளாம்.

கிணத்துக்கு ஆசாரி பேர வைக்கணும்னு ஊரு கூடிச் சொல்லிச்சாம். அவரு கையெடுத்துக் கும்பிட்டாராம்.

"நான் செஞ்ச மொத வளையத்துல கொம்பையா செத்திருப்பான். கீறல் தெரிஞ்சுதான் குடுத்தேன். அவ கேட்டா. கேட்டவ பேரையே வைங்க."

அன்னையிலருந்து அது கேட்டவ கிணறு. எங்க பாட்டன் பேரு வைக்கலையேன்னு சின்னதுல எனக்கு ஆத்திரமா வரும். இப்ப வாரதில்ல. இன்னைக்கும் எங்க ஊருல கதவு, கட்டிலு, தொட்டிலு எது செஞ்சாலும் ஒரு பொம்பள வந்து ஆசாரிய அந்தக் கேள்வியக் கேப்பா. அசலூரு ஆசாரி ஒருத்தன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். போவட்டும். எங்க ஊருத் தொட்டில்ல செஞ்சவன் புள்ளதான் மொதல்ல படுக்கும்.