புதன்கிழமை அடித்த மணி

— ஒரே ஒரு கையெழுத்துண்ணே. அதுக்கா கும்பகோணத்துலேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்துட்டு இப்படித் தலையக் குனிஞ்சு உக்காந்திருக்கீங்க?

— படிச்சுப் பாத்துட்டேன் தங்கச்சி. படிச்சதாலதான் கை வரமாட்டேங்குது.

— அதுல வராம இருக்க என்ன இருக்கு? ‘வைத்தியலிங்கத்துக்கு அந்தச் சேதியச் சொன்னது ஜாஃபர் சாதிக்காகிய நான்தான்.’ அவ்வளவுதானே. அவரு போயிட்டாரு. நீங்களும் ரிட்டயர்டு ஆயிட்டீங்க. இனிமே உங்கள யாரு என்ன பண்ணப் போறா?

— பயம்லாம் இல்லம்மா.

— பின்ன? ஊரு முகப்புல கல்லு வைக்கிறாங்க. இங்கேர்ந்து பட்டாளத்துக்குப் போனவங்க பேரையெல்லாம் வெட்டுறாங்க. பதினேழு பேரு. பதினெட்டாவதா இருக்க வேண்டிய எங்க வீட்டுக்காரரு பேரக் காணோம். பஞ்சாயத்துத் தலைவர நேர்ல போய்க் கேட்டேன். ‘எதிரிகிட்ட ரகசியம் சொன்னாருன்னு சர்க்காரே எழுதி அனுப்புச்சவர எப்படிம்மா போடுறது’ங்கிறான். அவரு தூக்கி வளத்த பய சொல்றான்.

— கொஞ்சம் இருங்க. சத்தம் அடங்கட்டும்.

— அது எங்க அடங்குது? தஞ்சாவூர்ப் பக்கமிருந்து இப்பல்லாம் நாளுக்கு நாலு தடவ பறக்குது. கொள்முதல் நெலையத்துல நெல்லக் கொட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கோம். இடிச் சத்தமா, ஏரோப்ளேன் சத்தமான்னு தெரியாம தார்ப்பாயத் தூக்கிக்கிட்டு ஓடுறேன்.

— எல்லைக்கு அந்தப் பக்கம் பத்து ப்ளேன் வாங்குனாங்கன்னு நாம இருவது வாங்குறோம். நாம இருவது வாங்குனோம்னு அவங்க முப்பது.

— பக்கத்து வயக்காரன் அஞ்சு எச்.பி. மோட்டாரு போட்டான்னு எங்க மாமனாரு ஏழரை போட்டாரு. அவன் பத்து போட்டான். கடைசில ரெண்டு குழாய்லயும் காத்துதான் வந்துச்சு. அத விடுங்கண்ணே. பேச்ச மாத்தாதீங்க.

— மாத்தலம்மா. இதுதான் பேச்சே. அவன் என்ன வேல பாத்தான்னு உங்களுக்குத் தெரியுமா?

— போன் பாக்குற வேலம்பாரு. அதுக்கு மேல கேட்டா சிரிப்பாரு.

— கேளுங்க. ஒரு அறை, ஒரு மேசை, ஒரு போனு. கம்பிக்கு அந்தப் பக்கம் அந்த நாடு. செவ்வாய்க்குச் செவ்வாய் மத்தியானம் பன்னெண்டுக்கு மணி அடிக்கும். ‘உங்க குரல் தெளிவா இருக்கு.’ ‘உங்க குரலும் தெளிவா இருக்கு.’ இவ்வளவுதான் பேசலாம். பதினோரு வருஷம் வைத்தி இதத்தான் பேசினான். அந்தப் பக்கமும் ஒரே ஆளு. பேரு தெரியாது, மொகம் தெரியாது. இருமுவாரு. அது மட்டும் தெரியும்.

— பதினோரு வருஷமும் அந்த ரெண்டு வார்த்தைதானா?

— அதான் இல்ல. ஒரு தடவ இருமல் நிக்கவே இல்ல. வைத்தி மனசு கேக்காம, ‘மருந்து சாப்டீங்களா’ன்னு இந்தில கேட்டுட்டான். அந்தாளு அப்படியே மலைச்சுப் போயிட்டாரு. அப்புறம் ஒண்ணு ரெண்டு பேச்சு. கஜா புயல் அடிச்ச அடுத்த செவ்வாய், ‘புயல் உங்க ஊர்ப் பக்கம்தானே, வீடு இருக்கா’ன்னு கேட்டாரு. தென்னைய எல்லாம் தூக்கிட்டுப் போயிடுச்சு, வீடு இருக்குன்னான். அன்னிக்கு நீங்க ரெண்டு நாளா போன எடுக்கல. அவன் அழுத முகத்தோட உக்காந்திருந்தான்.

— டவர் விழுந்து கெடந்துச்சு. ஒரத்தநாடு போய்த்தான் பேசினேன்.

— இன்னொரு வாட்டி அந்தாளு, ‘நாளைக்கு எங்க வண்டிங்க எல்லைக்கு வரும், அது பயிற்சிக்கு, பதறாதீங்க’ன்னாரு. வந்துச்சு, திரும்பிப் போயிடுச்சு. இவனும் அப்படித்தான். சொன்னா சொன்னதுதான் நடக்கும். பதினோரு வருஷத்துல ரெண்டு பேரும் ஒரு பொய் சொன்னதில்ல.

— ஊருக்குள்ளயும் அவரு அப்படித்தான்ணே. ஒரு பொய் சொல்ல வராது.

— …அப்புறம் ஒரு நாளு, செவ்வாயே இல்ல, புதன். மத்தியானம் மூணு மணிக்கு அந்தப் போன் அடிச்சுது. மேலேர்ந்து வர்ற சேதிய எழுதி வைக்கிற நான் பக்கத்து அறைலேர்ந்து ஓடி வந்தேன். வைத்தி எடுத்தா அந்தாளுதான். உங்க பக்கத்துலேர்ந்து ஒரு ராக்கெட்டு எங்க ஊருக்குள்ள வந்து விழுந்திருக்கு, கடலக் கொல்லைல, ஆளுக்குச் சேதமில்ல, ஆனா எங்க ஆளுங்க ராக்கெட்டு எல்லாத்தையும் உங்க பக்கம் திருப்பி வச்சுட்டாங்கன்னாரு. அப்புறம் கேட்டாரு. ‘வேணும்னு விட்டதா, தெரியாம விட்டதா? எங்கிட்ட கேக்குறாங்க. நீங்க சொல்லுங்க.’

— இவரு என்ன சொல்லணும்?

— ஒண்ணும் சொல்லக் கூடாது. ‘மேல கேட்டுச் சொல்றேன்’னு வைக்கணும். மேல இருக்கிறவங்க கூடி, பேசி, முடிவெடுத்துச் சொல்ல ஒரு நாளு ஆகும். அந்தப் பக்கம் அவ்வளவு நேரம் கையக் கட்டிக்கிட்டு இருப்பாங்களா?

— அதனால இவரே சொல்லிட்டாரு.

— ‘கல்தி’ன்னான். தப்பா நடந்துடுச்சுன்னு அர்த்தம். ‘இன்னொண்ணு வராது’ன்னான். அந்தப் பக்கம் ஒரு இருமல். அப்புறம் போன வச்சுட்டாரு. இருவது நிமிஷம் நாங்க ரெண்டு பேரும் செவுத்துக் கடியாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். ஒண்ணும் வரல. திருப்பி வச்சத எல்லாம் அவங்க திரும்ப எடுத்துட்டாங்கன்னு சாயங்காலம் தெரிஞ்சுது.

— ஒம்பது நாள் கழிச்சு நம்ம பக்கமே ‘எந்திரக் கோளாறு’ன்னு அறிக்கை விட்டாங்கள்ல? அப்ப அவரு சொன்னது நெசந்தானே?

— நெசந்தான்.

— நெசத்தச் சொன்னவரு எப்படித் துரோகி ஆனாரு?

— விசாரணைல அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. எங்களுக்கே ஒம்பது நாள் ஆச்சு, ஒனக்கு அன்னிக்கே எப்படித் தெரிஞ்சுது? எவன் சொன்னான்? மருந்து சாப்டீங்களான்னு கேட்டது, புயலப் பத்திப் பேசினது, எல்லாம் டேப்புல இருந்துச்சு. அதையும் சேத்துப் படிச்சாங்க. வைத்தி வாயத் தொறக்கல.

— ஏன்னு எனக்குத் தெரியும். சேதி உங்க மேசைக்குத்தான் வந்திருக்கும். நீங்க சொன்னீங்க. உங்களக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அவரு ஆறு வருஷம் இந்த ஊர்ல தலையத் தொங்கப் போட்டு நடந்தாரு. டீக்கடைல அவரு போனா பேச்சு நிக்கும். குத்தகைக்கு நெலம் குடுத்தவன்கூட வரப்புல நின்னு பேச மாட்டான். அவரு சாவுக்கு நீங்க வந்தப்ப உங்க மொகத்தப் பாக்கவே எனக்குப் பிடிக்கலண்ணே.

— கவனிச்சேன். அவன் மேல தேசியக் கொடியப் போத்த விடல, யாரும் தோள் குடுக்க வரல. நான்தான் ஒரு பக்கம் புடிச்சேன்.

— அதுக்காகத்தான் இன்னிக்கு உங்ககிட்ட வெறும் கையெழுத்து மட்டும் கேக்குறேன்.

— தங்கச்சி, நான் இதுல போட்டேன்னு வைங்க. நாளைக்கே என்னையக் கூப்புடுவாங்க. ‘ஒனக்கு எவன் சொன்னான்?’ நான் யாரக் காட்டுவேன்? தோண்டத் தோண்ட அடில ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சுடும். அது அந்தப் பக்கம் காதுக்குப் போகாம இருக்காது. அப்புறம் அதுல சொல்ற எதையும் அவங்க நம்ப மாட்டாங்க, அதோட அந்தப் போன் செத்துடும். இவ்வளவு பறக்குற காலத்துல அது ஒண்ணுதாம்மா ரெண்டு பேருக்கும் நடுவுல மிச்சம். இன்னும் செவ்வாய்க்குச் செவ்வாய் அடிக்குது. வேற யாரோ எடுக்குறாங்க.

— புரியலண்ணே. அடில ஒண்ணும் இல்லன்னா?

— பேனாவத் தொறந்துட்டேன். கேட்டுட்டு, அப்பவும் போடுன்னா போடுறேன். பொய்தான். ஆனா போடுறேன்.

— பொய்யா? அப்ப நீங்க சொல்லலையா?

— நான் சொல்லல.

— பின்ன யாருதான் சொன்னா?

— அன்னிக்குப் போன வச்சதும் நானும் அதத்தான் கேட்டேன். சட்டை முழுக்க வேர்த்து முதுகோட ஒட்டிக்கிட்டு நின்னான். ‘வைத்தி, கல்தின்னு ஒனக்கு எவன்டா சொன்னான்?’னேன். ‘யாரும் சொல்லல ஜாஃபர். தப்பாத்தான் இருக்கணும்னு துவா பண்ணு’ன்னான்.

— அப்ப நெசம் என்னன்னு தெரியாமத்தான் கல்தின்னாரா?

— ஆமா தங்கச்சி. போடவா?

— பேனாவ மூடுங்கண்ணே.