குரலுக்குத் தனி டிராக்

— இல்ல சார், இதுக்குள்ள பாட்டு எதுவும் இருக்காது. பாட்டு கேக்கறதுக்கு டேப் ரிக்கார்டர் போதுமே. நாம கீபோர்டுல எந்தக் கட்டைய எப்ப அமுக்கினோம், எவ்ளோ அழுத்தமா அமுக்கினோம், எப்ப கைய எடுத்தோம், அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கும். கேட்டா அப்படியே திரும்ப வாசிச்சுக் காட்டும். அதுக்குப் பேருதான் சீக்வென்சர். சிம்பிள் மேட்டரு.

— எனக்கு இன்னாத்த தெரியும் தம்பி, நான் தோல் கம்பெனில மேனேஜரு. கிருபானந்தம்னு ஆம்பூர்ல யாரக் கேட்டாலும், தோலையும் சர்ச்சையும் தவிர ஒண்ணியும் தெரியாத மனுஷன்னுதான் சொல்லுவாங்க. ஜெஸ்டனாண்ட சொல்லு, வாசிக்கப் போறவன் அவன். ஜெஸ்டா, உக்காந்துக்கோ. ஒரு மாடி ஏறினதுக்கே எப்படி இளைக்குது பாரு.

— நிக்கறேன் ஐயா. உக்காந்தா நெஞ்ச அடைக்குது.

— அண்ணா, நீங்க போன கிறிஸ்துமஸுக்கு பேரணாம்பட்டு சர்ச்ல தனியாப் பாடினவரு தான? கீபோர்டு வாடகைக்கு எடுத்துனு வந்தது நான்தான், சூரியபிரகாஷ். நீங்க மேல எடுத்தப்ப நான் சவுண்ட கம்மி பண்ணிட்டேன், இந்தக் கொரலுக்கு மைக்கே வாணாம்னு. உடம்புக்கு இன்னாண்ணா ஆச்சு?

— கம்பெனில ஒரு விபத்து, சூர்யா. இனிமே பாட்டு இல்ல.

— அதான் தம்பி விஷயம். இவனால பாட முடியாது. ஈரத்தோலு தூக்க முடியாது. நேத்துதான் ஆஸ்பத்திரிலேர்ந்து வுட்டாங்க. வீட்டுல உக்காந்தபடி செய்யற மாதிரி ஒரு வழி பண்ணிக் குடுன்னு முதலாளி என்னாண்ட சொல்லிட்டாரு. இவனுக்கு எந்த மிஷினு புடிக்குதோ அது. வேலூர் வரைக்கும் கம்பெனி கார்லயே கூட்டினு வந்திருக்கேன். கர்த்தர் ஒரு வாசல மூடினா இன்னொண்ணத் தெறக்காம வுட மாட்டாரு.

— வாசிக்க ஆளில்லாத சர்ச்சு நெறைய இருக்கு, சூர்யா. கலவை பக்கம், வாணியம்பாடி பக்கம். நான் மியூசிக் மட்டும் போட்டு கேசட்டுல குடுத்தா அவங்க கூடப் பாடிப்பாங்க. கட்டில்ல படுத்துக்கினு இத ஒண்ணுதான் யோசிச்சேன். என் சம்சாரம் ஃபீபி ஷூ கம்பெனில தையல்ல இருக்கா, அவ ஒருத்தி சம்பளம்தான் இப்ப. வேற எந்த வேலையும் என்னால ஆவாது. இது ஒண்ணுதான் ஆவும்.

— அப்ப ரெண்டு வழி இருக்குண்ணா. உங்க பக்கம் கரெண்டு எப்படி?

— போவும், வரும்.

— அதான் கேட்டேன். சீக்வென்சர் உள்ளயே இருக்கற கீபோர்டு எடுத்தா பேஜார் இல்ல. வாசிச்சமா, ஃப்ளாப்பில ஏத்தினமான்னு போய்ட்டே இருக்கலாம். ஆனா அதோட ஸ்கிரீன் தீப்பெட்டி சைஸு. ஒரு தப்பு வந்தா அது எங்க இருக்குதுன்னு தேடியே கண்ணு போய்டும். கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் போட்டா, மொத்தப் பாட்டும் கோடு கோடா கண்ணு முன்னாடி நிக்கும். டிரம்ஸுக்கு ஒரு டிராக், வயலினுக்கு ஒண்ணு, பேஸுக்கு ஒண்ணு. எத வேணா புடிச்சு நவுத்தலாம். யூபிஎஸ் மட்டும் கண்டிப்பா வேணும். சவுண்ட் கார்டும் நல்லதா போடணும்ண்ணா. சீப்பா போட்டா கட்டைய அமுக்கின அப்புறம் கொஞ்சம் லேட்டாத்தான் சத்தம் வரும். கை முன்னாடி ஓடும், காது பின்னாடி வரும். பைத்தியம் புடிச்சுடும்.

— ரெண்டுல எது ஜாஸ்தி நாளு ஒழைக்கும், சூர்யா?

— கீபோர்டு ஒழைக்கும். ஆனா நீங்க நெறைய வாத்தியம் வெச்சுப் பண்ணணும்னா கம்ப்யூட்டர்தான். வாசிச்சுப் பாருங்க, சிவப்பு பட்டன் போட்டுட்டேன்.

— ம். வாசிச்சு நாளாச்சு. பாரு, ரெண்டாவது வரி லேட்டா வுழுந்துடுச்சு. எனக்கே கேக்குது.

— வுழட்டும்ண்ணா. ஸ்கிரீனப் பாருங்க, இந்த நோட்டு கோட்டத் தாண்டி நிக்குது. இத செலக்ட் பண்ணி இத அமுக்கினா, தானா போய் கோட்டுல ஒக்காந்துக்கும். இப்ப கேளுங்க.

— அட. நடந்ததயே மாத்திடுச்சே தம்பி.

— வாசிச்சத மாத்திடும் சார். எப்படி வாசிச்சாருன்னு இங்க இருக்கற நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும், கேக்கறவங்களுக்கு இதுதான் பாட்டு.

— நல்லது, நல்லது. கொரலும் இதுல ஏறுமா?

— கீபோர்டுல ஏறாது சார். கம்ப்யூட்டர்ல ஏறும். கொரலுக்குத் தனி டிராக். மைக்க சொருகினா போதும்.

— எனக்கு அது வாணாம் ஐயா. நான்தான் பாட மாட்டேனே.

— நீ பாடாட்டி நம்ம சர்ச்சு ஜெனிஃபா பாடுவா, வேற யாராச்சும் பாடுவாங்க. எல்லாத்தையும் பாத்துதான எடுக்கணும். மைக்க சொருகு தம்பி. ஜெஸ்டா, கிட்ட வா. எதாச்சும் பேசு.

— இன்னா பேசறது ஐயா?

— திங்கக்கிழம ஆபீசருங்க முன்னாடி பேசப் போறத பேசேன். அங்க போயி நடுங்கினு நிக்கறதுக்கு இங்க ஒரு தடவ சொல்லிப் பழகிக்கோ.

— இங்கயா? ஐயா, நான் யோசிச்சுச் சொல்றேன்னுதான சொன்னேன். சரின்னு சொல்லலியே.

— யோசி. யார் வாணாம்னது. வாய்விட்டு சொல்லிப் பாத்தா யோசிக்கறதுக்கும் லேசா இருக்கும். இந்தத் தம்பி நம்ம புள்ள மாதிரி. தம்பி, எங்க கம்பெனி கழிவுத்தண்ணித் தொட்டில அடைப்பு. எடுக்க எறங்கின மூணு பேரும் போய்ட்டாங்க, விஷக்காத்து. இவன் தூக்கப் போயி, அந்தக் காத்த இழுத்துட்டு இப்படி ஆய்ட்டான். நேர்ல பாத்ததுல உசிரோட இருக்கறது இவன் ஒருத்தன்தான். அதனால விசாரணைக்கு இவனக் கூப்புட்டிருக்காங்க. ஆமா, சொன்னத அப்புறம் அழிக்கறது கஷ்டமா?

— இன்னா கஷ்டம் சார், டெலிட் அமுக்கினா காலி.

— கேட்டியா ஜெஸ்டா? சொல்லு. கார்ல வரும்போது நான் சொன்ன மாதிரி சொல்லு.

— எனக்கு பயமா இருக்கு ஐயா.

— அந்த பயம் இங்கயே போவட்டும். தம்பி, போட்டுட்டியா?

— ஓடுது சார். அண்ணா, மைக்க வாயாண்ட கொண்டு போங்க.

— என் பேரு ஜெஸ்டன். தோலு ஊறப்போடற டிரம் செக்ஷன்ல இருக்கேன். அன்னிக்கு காலைல தொட்டி அடைச்சுக்கிச்சு. கன்னியப்பன் மூடியத் தெறந்தாரு. அவரு, பெருமாளு, பெருமாள் தம்பி, மூணு பேரு. நான் ஓடிப்போயி கிருபானந்தம் ஐயாவாண்ட சொன்னேன், உள்ள காத்து சரியில்ல, தலைய சுத்துது, தெறந்து வுட்டுட்டு நாளைக்கு எறங்கலாம்னு. தண்ணி வெளிய போகலன்னா வேல நிக்கும், எறங்கச் சொல்லுன்னாரு. நான்தான் போயி சொன்னேன். கன்னியப்பன் சிரிச்சுக்கினே அவரு பீடிக்கட்ட என் கையில குடுத்தாரு, நனைஞ்சுடும் வெச்சுக்கோடான்னு. மொதல்ல கன்னியப்பன் எறங்கினாரு. அப்புறம் பெருமாளு. அப்புறம் அவன் தம்பி. ஒருத்தரும் மேல வரல. நான் எட்டிப் புடிச்சேன், கை வழுக்கிடுச்சு.

— நிறுத்து தம்பி. நிறுத்திட்டியா? ஜெஸ்டா, இது இன்னா இது? எதச் சொல்ல வாணாம்னு வழி முழுக்க சொன்னனோ அதயே சொல்ற.

— வாயில அதுதான் வருது ஐயா.

— பழி உன் மேலயும்தான வுழும்? போய் எறங்கச் சொன்னது நீதானன்னு கேப்பாங்க. நான் ஜெயிலுக்குப் போறேன், வயசாச்சு, பரவால்ல. நீ போனா ஃபீபி இன்னா பண்ணுவா? இந்த மூச்ச வெச்சுக்கினு உள்ள ஒரு ராத்திரி தாங்குவியா?

— தெரியும் ஐயா. அத நெனச்சுத்தான் கார்ல ஏறினேன். நெனச்சா வெக்கமா இருக்கு.

— தம்பி, அந்த நடுவுல பேசினத மட்டும் எடுக்க முடியுமா? என்னாண்ட வந்து சொன்னான்ங்கறதுலேர்ந்து பீடிக்கட்டு வரைக்கும்.

— முடியும் சார். ஆனா, இது வேற விஷயம் மாதிரி இருக்கே.

— மிஷினு எப்படி வேல செய்யுதுன்னுதான பாக்க வந்திருக்கோம். சத்தம் தடுக்கி வுழாம எடுக்க முடியுமான்னு பாப்போம். முடியலன்னா சொல்லிடு, வேற கடைல பாத்துக்கறோம்.

— முடியாதுன்னு இல்ல சார். இங்கேர்ந்து இதுவரைக்கும் வெட்டிட்டேன். இப்ப ஒட்டினா, பாருங்க, டக்குனு ஒரு எடம் இடிக்குது. இருங்க. அண்ணன் மூச்சு வாங்கற சத்தம் நடு நடுவுல இருக்கு பாருங்க, அதுல ஒண்ண எடுத்து இந்த ஜாயிண்ட்டுல வெக்கறேன். மூச்சுக்கு நின்ன மாதிரி ஆய்டும். ம், இப்ப கேளுங்க. மூணு பேருன்னு சொல்லி, இளைச்சு, மொதல்ல கன்னியப்பன் எறங்கினாருன்னு வருது. வெட்டின எடம் எங்கன்னு எனக்கே தெரியல.

— இன்னொரு தடவ போடு. ஆங். கேட்டியா ஜெஸ்டா? கன்னியப்பன் தெறந்தாரு, மூணு பேரும் எறங்கினாங்க, நீ காப்பாத்தப் பாத்த. இதுல எந்த வார்த்தை பொய்யி? எல்லாம் நீ சொன்னதுதான?

— எல்லாம் என் கொரலுதான்.

— அவ்ளோதான் விஷயம். இன்னிக்கு வரைக்கும் நீ யாருக்கும் கெடுதல் நெனச்சதில்ல, கர்த்தருக்குத் தெரியும்.

— ஐயா, கன்னியப்பன் என்னைய தம்பின்னுதான் கூப்புடுவாரு.

— போனவங்க போய்ட்டாங்க. இருக்கறவங்க சாப்புடணும் இல்ல?

— சரி ஐயா. திங்கக்கிழம இப்படியே சொல்லிடறேன். ஃபீபிக்கு மட்டும் தெரிய வாணாம், அவ என் மூஞ்சில முழிக்க மாட்டா. சூர்யா, கம்ப்யூட்டரே எடுத்துக்கறேன். நல்ல சவுண்ட் கார்டு போட்டுக் குடு, கையும் காதும் ஒண்ணா போவணும். ஐயா, நான் கேட்டது ஜாஸ்தின்னு முதலாளி நெனைக்க மாட்டாரே?

— அதெல்லாம் நான் பாத்துக்கறேன். தம்பி, இத ஒரு சிடில போட முடியுமா?

— ரைட்டர் இருக்கு சார். போடலாம்.

— போடு.

— எதுக்கு ஐயா சிடி? அழிச்சுடலாம்னு சொன்னீங்களே.

— கம்பெனி கேட்டாண்ட கன்னியப்பன் சம்சாரம் பட்டம்மாள் ஒக்காந்துக்கினு எழுந்திருக்க மாட்டேங்கறா, கூட ஊரே ஒக்காந்திருக்குது. ஜெஸ்டன் வந்து வாயத் தெறந்து சொல்லட்டும், நாங்க போறோம்னு சொல்றாங்க. உன் கொரலு அவங்க எல்லாருக்கும் தெரியும். ஸ்பீக்கர்ல போட்டா போதும். ஆபீசருக்கும் இத குடுத்துடலாம். திங்கக்கிழம நீ அலைய வாணாம், ஜெஸ்டா. உடம்பு சரியில்லன்னு நான் சொல்லிக்கறேன்.

— நான் வர்றேன் ஐயா. சொல்றேன்னு சொல்லிட்டேனே.

— நீ வந்தா வாயில வேற எதாச்சும் வரும். இன்னிக்கு வந்துச்சு இல்ல? அப்புறம் நீ எத மாத்திச் சொன்னாலும், மொதல்ல ஒண்ணு சொன்னான், இப்ப வேற சொல்றான்னுதான் ஜனங்க பேசும். உனக்கு எதுக்கு அந்தப் பேரு.

— சூர்யா, நீ வெட்டி எடுத்தது எங்க இருக்கு? திரும்ப அந்த எடத்துல ஒட்டிக் குடு.

— சிடில போடறதுக்காக சேவ் பண்ணிட்டேண்ணா. பழசு மேலயே ஏறிடுச்சு. நான், நான் சும்மா காட்டறதுக்குத்தான்னு நெனச்சேன்.

— அது நான் பேசினது, சூர்யா.

— மன்னிச்சுக்கோங்கண்ணா. சார், சிடி ரெடி. அண்ணனுக்கு கம்ப்யூட்டரு, சாஃப்ட்வேரு, நல்ல சவுண்ட் கார்டு, யூபிஎஸ் எல்லாம் சேத்து கம்பெனி பேருல பில்லு போட்டுடட்டுமா?

— சிடிக்கு மட்டும் போடு தம்பி.