எலிக்கும் ஒரு கும்பிடு

"சாமிக்கு ஒரு கும்பிடு, டாக்டரம்மாவுக்கு ஒரு கும்பிடு, எலிக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு வாரேனுங்க."

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த அம்மா, பக்கத்தில் புதிதாக வந்து உட்கார்ந்த பெண்ணிடம் இப்படிச் சொன்னார். என் காது அங்கே போய்விட்டது.

"எலிக்கு எதுக்குங்க?"

"எங்கூட்டுக்காரருக்குக் கால் புண்ணுல இருந்து கிருமி ரத்தத்துல ஏறிருச்சுங்க. ஐ.சி.யு.வுல கெடந்தாரு. வயிறு வேற கல்லாட்ட உப்பிக்கிச்சு. புண்ணு கால்லதானே, வயித்துக்கு என்ன வந்துச்சுன்னு அழுதேன்."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஒடம்பு கிருமியோட போடற சண்டைல குடலும் புண்ணாயிருமாம். அங்கிருக்கற கிருமியும் ரத்தத்துல கசியுமாம். கடைசில எதிர்ப்புச் சக்தியே ஓஞ்சு போயிருமாம். எலிகள வெச்சுச் சோதிச்சுப் பாத்துத்தான் இதுல பாதி தெரிஞ்சுதுன்னாங்க. குடலையும் உட்டுராம பாத்து, மூக்குல கொழாய் போட்டுச் சொட்டுச் சொட்டா ஆகாரம் குடுத்தாங்க."

அந்தப் பெண் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் பாக்கற வேலையே அதுதானுங்க. எலிக்கு அந்த நோய வரவெச்சு, குடல் என்ன ஆகுதுன்னு பாக்கறது. ஊட்ல சொன்னா மூஞ்சியச் சுளிப்பாங்க. ஒவ்வொண்ணும் சாகறப்ப, இது யாருக்கு ஒதவப்போகுதோன்னு நெனைப்பேன்."

அந்த அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கூட்டுக்காரருக்கு ஒதவுச்சு கண்ணு. இன்னைக்குக் காலைல பசிக்குதுன்னு அவராக் கேட்டு நாலு இட்லி தின்னாரு."