செருகாமல் விட்ட முனை

வளைந்து கிடக்கும் ஏரிக்கரையின் ஐந்து தீயணைப்பு நிலையங்களையும் ஒரே கம்பிவடத்தால் வளைத்துப் பிணைத்த வித்தகரே! ஹாக்லண்ட் மாவட்ட அவசர அழைப்பு மையத்தின் வலைப்பின்னலை முப்பத்தோராண்டு விழிபோல் காத்த அம்மையீர் லோர்னா ட்வெய்ட் அவர்களே! தங்கள் பணி ஓய்வு நாளில் இருப்புக்கொள்ளாத நெஞ்சோடு வணங்குகிறோம். இம்மடலில் ஒன்று சொல்லியாக வேண்டும். அதுவரை எங்களால் அமர்ந்திருக்க முடியாது.

எல்லாக் கருவிகளும் நடுப்பெட்டி ஒன்றையே நம்பித் தொங்கும் நட்சத்திர அமைப்பை நாங்கள் மெச்சியபோது, காபிக் கோப்பையை ஓரமாக வைத்தீர்கள். “நடுவுல இருக்கிறது படுத்துட்டா மத்ததெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு உக்காருமா? பக்கத்துல இருக்கிறவனையும் பிடிச்சு வைங்கப்பா!” என்றீர்கள். அப்படிப் பிறந்தது ஏரியைச் சுற்றிய வளையம். அதில் ஒரு முனையை மட்டும் செருகாமல் தொங்கவிட்டீர்கள். பனியில் எங்கேனும் வடம் அறுந்தால் மட்டுமே அதைச் செருகலாம். அறுபடாத வளையத்தை மூடிவிட்டாலோ, நம் பழைய பெட்டிகளில் செய்திகள் நிற்க இடமின்றிச் சுற்றிச் சுற்றியே ஊரை ஊமையாக்கிவிடும்.

ஆக்கியதே, ஐயகோ! ஒன்பதாண்டுகளுக்கு முன், ஆணையர்கள் பார்வையிட வந்த காலையில், வலைப்பின்னல் கருவிகள் அடுக்கிய அலமாரியை அழகுபடுத்திய ஒரு கை அந்த முனையைச் செருகிவிட்டது. பதினோரு நிமிடம் ஓர் அழைப்பும் வரவில்லை. “எவன் பார்த்த வேலை இது?” என்று ஆணையர் சீறினார். “என் அலமாரி, என் தப்பு. வேற யாரையும் தேடாதீங்க” என்றீர்கள். வரவிருந்த தலைமைப் பதவி அன்றே தங்கள் கைநழுவிப் போயிற்று.

அந்தக் கை, இம்மடலை வாசித்து நிற்கும் வெஸ்லி ஓகார்டின் கை! ஒன்பதாண்டாகத் தாங்கள் எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்த ஹாட்டிஷ் என்னும் இறைச்சிக் கலவை அவர் தொண்டையில் இறங்கவில்லை. இன்று எல்லோர் முன்னும் ஒப்புக்கொள்ளவே வாசிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கினார்.

ஆனால் நேற்று நண்பகல், நினைவுப்பரிசுக்காக அம்முனையில் தாங்கள் கட்டியிருந்த எச்சரிக்கை அட்டையைக் கழற்றினோம். முன்புறம் ‘தொடாதீர்’. பின்புறம் தங்கள் கையெழுத்து, ஊர் ஊமையான அந்த நாளின் தேதி: “செருகினது வெஸ். அவனுக்கு மூணாவது குழந்தை பொறந்து பத்து நாள்கூட ஆகலை. அவன் வேலை போயிடக் கூடாது.”

தெரிந்திருந்தது, அம்மையீர்! அன்றே தெரிந்திருந்தது! வெஸ்லி நேற்று அலமாரி முன்னே உட்கார்ந்து அழுதார்.

உறைந்த ஏரியின் மேல் தாங்கள் அமரப்போகும் மீன்பிடிக் குடிலில் உடல்நலம் குன்றாது, ஓய்வின் ஒவ்வொரு நாளும் உவகை பெருக, நூறாண்டு வாழ்க! அட்டையை நினைவுப்பரிசான இக்கண்ணாடிச் சட்டத்துக்குள் பின்புறம் தெரியவே பதித்திருக்கிறோம். தாங்கள் மறைத்ததை இனி எல்லோரும் படிப்பார்கள், பொறுத்தருள்க.

இங்ஙனம்,
முனையைச் செருகிய வெஸ்லி ஓகார்ட்,
உடன் மையத்தின் பணியாளர் அனைவரும்