பந்தியை விட்டு எழுந்த வேதமாணிக்கம்

ஜெபத்தோடு இந்த நினைவுக் கூட்டத்தைத் தொடங்கி வைத்த போதகர் ஐயா அவர்களே, எங்கள் முதலாளி திரு. செங்கோட்டையன் அவர்களே, கணவர் வேதமாணிக்கம் ஐயாவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ரூபி அக்கா அவர்களே, மெஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கும் கம்பெனித் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் கட்டிங் மாஸ்டர் ஆறுமுகசாமியின் வணக்கம்.

நான் சாமளாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிறவன். கிறிஸ்தவ சபைப் பெரியவர், நமது செக்கிங் சூப்பர்வைசர் வேதமாணிக்கம் ஐயாவைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கண்ணால் பார்த்தவன் என்ற தகுதிதான்!

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா ஒழிந்து ஆர்டர் குவிந்த 2005ஆம் வருடம். ஷிப்மெண்ட் நெருக்கடியில் பனியனில் வைத்துத் தைக்க வெட்டிய கைத்துணி பற்றவில்லை. "அடுத்த பண்டில்ல இருந்து எடுத்துக் குடும்மா" என்று ஹெல்பர் நாகஜோதியிடம் சொன்னவர் வேதமாணிக்கம். அந்த பண்டில் வேறு சாயத்தொட்டியில் நனைந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் விரித்தால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம்! பழி நாகஜோதி தலையில் விழுந்தது. மேனேஜர் அன்றைக்கே அந்தப் பெண்ணை வெளியே அனுப்பினார். வேதமாணிக்கம் வாய் திறக்கவில்லை. ஆமாம், பயந்து போய் நின்றார்! அதை மறைத்து நான் புகழ்ந்தால் அவருக்கே பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் திருவிருந்துக்கு முழங்காலிடப் போனவர், அப்பத்தை வாங்காமல் எழுந்து வெளியே போய்விட்டார். உன்மேல் ஒருவருக்கு மனக்குறை இருந்தால் முதலில் அவரிடம் போ என்பது அவருடைய ஆண்டவர் கட்டளையாம். நேரே முதலிபாளையம் லைன் வீட்டில் நாகஜோதி முன்னால் போய் நின்றார். "தப்பு என்னுது தாயி, உன்னப் பலியாக்கிட்டேன்" என்று கைகூப்பினார். அந்தப் பெண் அழுதுகொண்டே கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சேவூருக்குப் பஸ் ஏறினார்.

சேவூர்த் தோட்டத்தில் அன்று முதலாளி வீட்டுக் கிடா விருந்து. சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருந்தது. நானும் இருந்தேன். அத்தனை பேர் நடுவில் உண்மையைப் போட்டு உடைத்தார். முதலாளி சங்கடப்பட்டு, "ஏனுங்க, எலை போட்டாச்சுங்க. மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பேசலாமுங்க" என்றார்.

"இல்ல மொதலாளி. ஆண்டவரோட பந்திய விட்டு எந்திச்சு வந்திருக்கேன். இங்க எப்படி உக்காருவேன்? அந்தப் புள்ளைய வேலைக்குக் கூப்பிடுங்க."

நாகஜோதி திரும்பி வந்தாள். வேதமாணிக்கம் சூப்பர்வைசர் பதவி பறிபோய், செக்கிங் டேபிளில் நூல் வெட்ட உட்கார்ந்தார்! முகம் சுளித்தாரா? யாரையாவது குறை சொன்னாரா? அன்பு என்றால் இனிக்க இனிக்கப் பேசுவது என்று நினைத்திருந்தேன். கசக்கும் உண்மையையும் முகத்துக்கு நேரே, பணிவாகச் சொல்வது என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பதவி திரும்பக் கிடைக்க ஒரு வருடம் ஆனது. முதல் ஆளாகக் கை தட்டியவள் நாகஜோதி!

தோழர்களே! போன வாரம் ஒரு லாட் பனியன் குறை சொல்லித் திரும்பி வந்திருக்கிறது. "அது வேதமாணிக்கம் பாஸ் பண்ணுனதுங்க" என்று டீக்கடையில் பேச்சு நடக்கிறது. அந்த லாட் செக்கிங் ஆனபோது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்! செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டார் என்ற தைரியமா?

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். என் உறுதி இதுதான். அந்த லாட்டில் தவறு செய்தவர் யாரானாலும் முதலாளியிடம் நேரே போய் ஒப்புக்கொள்ளுங்கள். வேலை போய்விடும் என்று பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் வந்து நிற்கிறேன். அதைச் சொல்லாமல், ரூபி அக்காவின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல மட்டும் வந்துவிடாதீர்கள்.