பேசாமல் உட்கார்ந்த காலை

எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதே பெஞ்சு கிறீச்சிடும். பாஸ்டர் நிறுத்தி என்னைப் பார்ப்பார், பிறகு தொடர்வார். யாருக்கும் கோபம் இல்லை. ஷெரீப் ஐயா, நீங்களே பாருங்கள், உங்கள் காவல் அலுவலகத்தின் இந்த நாற்காலியில் இதுவரை எத்தனை தடவை புரண்டுவிட்டேன்.

காட்டு வான்கோழி வேட்டைக்கு இதைவிடப் பெரிய குறை கிடையாது. வசந்தத்தில் விடிவதற்கு முன்பே மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பெட்டைக்கோழி குரல் எழுப்பும் மரப்பெட்டியை மெல்ல உரச வேண்டும். சேவல் தானாகத் தேடி வரும். அதன் கண்ணுக்கு இமை துடிப்பதுகூடத் தெரியும். எனக்கோ சேவல் ஒருமுறை கொக்கரித்துவிட்டால் கை நிற்காது. பெட்டியை உரசோ உரசென்று உரசுவேன். இத்தனை ஆசையாக எந்தப் பெட்டையும் கூப்பிடாது என்று அதற்குச் சந்தேகம் வந்துவிடும். தப்பித் தவறி வந்தாலும் எட்டாத தூரத்திலேயே அவசரப்பட்டுச் சுட்டுவிடுவேன்.

எங்கள் வேட்டை முகாமில் ஒரு வழக்கம் உண்டு. குறி தவறியவனின் சட்டைப் பின்தொங்கலைக் கத்தியால் வெட்டி, பெயர் எழுதிச் சுவரில் ஆணியடிப்பார்கள். உங்களைப் போல அலபாமாவில் பிறந்தவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சுவரைப் பார்த்தால் என் வீட்டுத் துணி காய்கிற மாதிரி இருக்கும். வெட்டுகிற கத்தி எப்போதும் வெர்லனுடையது. என் மனைவி நெல்டாவின் அண்ணன்.

"மாப்ள, நீ வான்கோழிக்கு எமன் இல்லடா, காவல் தெய்வம்," என்பார். "உன்ன நம்பி அதுங்க குஞ்சு பொரிக்குது."

நானும் சிரிப்பேன். மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மனதில் வைத்துக்கொள்கிறவன் நான் இல்லை.

போன வசந்தத்தில் நான் போட்டிருந்தது நெல்டா கல்யாண நாளுக்கென்று தன் கையால் தைத்துக் கொடுத்த சட்டை. "மச்சான், இது மட்டும் வேண்டாம். அவ தச்சது," என்றேன். "அப்ப நல்லாக் கிழியும்," என்று சொல்லி வெட்டினார். அடுப்புக்கு மேலே, சாப்பிட உட்காரும் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் அடித்தார். வீட்டில் சொன்னபோது நெல்டா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எங்க அண்ணன் தானே, விடுங்க. தைக்கிறப்பவே பின்பக்கத்த லேசாத்தான் தச்சேன்," என்றாள்.

அது எனக்கு வலித்தது. அதை மறைப்பதற்கில்லை.

அன்றிலிருந்து என் குறைகளைத் திருத்தத் தொடங்கினேன். வீட்டுக்குப் பின்னால் பைன் மரத்தடியில் தினமும் உட்கார்ந்தேன். கால் மரத்துப்போகும், எறும்பு ஏறும், அசையவில்லை. மரப்பெட்டியைப் பரணில் போட்டேன். துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்த்துவிட்டு, சுடாமல் இறக்கப் பழகினேன். அதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

இந்தத் தடவை முகாமில், எல்லோரும் பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய வெர்லனின் கோட்டிலிருந்து பச்சைக் கைக்குட்டையை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தேன். சிவப்பும் வெள்ளையும் நீலமும் கலந்தது. வசந்தகாலச் சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். அதனால் எந்த வேட்டைக்காரனும் அவற்றைக் காட்டுக்குள் கொண்டு போக மாட்டான். ஆனால் பைன் மகரந்தம் பறக்கும் மாதத்தில் வெர்லனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். அரையிருட்டில் நிறம் பார்த்தா துடைப்பார்?

அவர் ஓடைப் பக்கம் போய் உட்கார்ந்து பெட்டியை உரசினார். அருமையாக உரசுவார், அதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். குரல் கேட்கும் பக்கம் தேடிப் போகக் கூடாது, அது இன்னொரு வேட்டைக்காரனாக இருக்கலாம் என்பது எங்கள் முதல் விதி. நான் போனேன். ஒரு சுள்ளிகூட முறியவில்லை. எதிரே ஓக் மரத்தடியில் உட்கார்ந்தேன்.

மற்றதை எல்லோரும் உங்களிடம் சொல்லிவிட்டார்கள். கைக்குட்டையைப் பார்த்துச் சேவல் என்று நினைத்து நான் பதறிச் சுட்டுவிட்டேனாம். நீங்களும் விபத்து என்றே எழுதிவிட்டீர்கள். முகாமில் சமைக்கும் ஓடெல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழாத ஹாலிஸ். உன் அவசரம் ஊருக்கே தெரியும். யாரு உன்னத் தப்பா நெனைக்கப் போறா?" என்றார். அடக்கம் முடிந்து வரும்போது பின்னால் ஒருவன் கிசுகிசுத்தான்: "பாவம், வாழ்நாள்ல ஒரு தடவதான் குறி சரியா விழுந்துச்சு. அதுவும் ஆள் மாறி." நெல்டா அழுகைக்கு நடுவே, "கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

பொறுக்கவில்லையாம். அதைத் திருத்தத்தான் நானாகவே இங்கே வந்தேன்.

வெர்லன் மூக்கைத் துடைத்துக் கைக்குட்டையை மடித்து வைக்கும்வரை காத்திருந்தேன். நன்றாக விடியும்வரை காத்திருந்தேன். பறவைக்கு முகம் தெரியாமலிருக்கக் கட்டியிருந்த முகத்திரையை இறக்கிவிட்டு வேர்க்கடலை தின்னத் தொடங்கினார். முகம் தெளிவாகத் தெரிந்தது, அப்போதும் காத்திருந்தேன். என் பக்கம் திரும்பி, "மாப்ள, நீயா? அசையாம உக்காந்திருக்கியே!" என்றார். அவர் குரலில் கேலியே இல்லை. அதற்குப் பிறகுதான் சுட்டேன்.

அவசரம் என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மனதில் வைத்துக்கொள்கிறவன் நான் இல்லை. ஆனாலும் இதை முகாமில், எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, அந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்று யாராவது சத்தமாக வாசித்தால் நல்லது. நெல்டாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு.