விபூதி பூசின டாங்கி

அன்னைக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுல செங்கம் பஸ்ஸுக்கு நின்னவங்க: போர்டு எழுதுற பெயிண்டர் ஒருத்தர், அவர் மச்சான், பூக்கூடையோட ஒரு அம்மா, அப்புறம் நான். பெயிண்டர் கையில முழ நீளத்துக்கு மரத்துல செஞ்ச ராணுவ டாங்கி.

"விபூதி பூசிட்டேன் மச்சான்."

"யோவ், டாங்கிக்கா?"

"பச்சை பெயிண்ட் பளபளன்னு பொம்மை மாதிரி இருந்துச்சு. புழுதி அடிச்ச மாதிரி இருக்கட்டும்னு தூவித் தேச்சேன்."

"ஆர்டர் குடுத்தவரு மிலிட்டரிக்காரருய்யா. பூட்ஸுல தூசி இருந்தாலே கத்துவாரு. வேணாம்னுட்டா ரெண்டு மாச வேலை போச்சு."

அதுக்குள்ள ஆர்டர் குடுத்த மிலிட்டரிக்காரர் கோயிலுக்குப் போயிட்டு, சொல்லி வெச்ச மாதிரி நேரா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டார். டாங்கியை வாங்கி விரலால தடவி மோந்து பார்த்தார்.

"யாரு இதுல விபூதி போட்டது?"

"நான்தாங்க. தொடச்சிடறேங்க."

"தொடச்சே, கையை ஒடிச்சிடுவேன். பார்டர்ல நான் ஓட்டினப்போ இப்படித்தான்யா இருந்துச்சு. சக்கரத்துச் சங்கிலியில மட்டும் கம்மி. அங்கதான் ஜாஸ்தி அப்பியிருக்கும்."

சட்டைப் பையிலிருந்து கோயில் விபூதிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

பெயிண்டர் அங்கேயே குந்திக்கிட்டுச் சங்கிலியில தூவ ஆரம்பிச்சார்.

"முழுசையும் கொட்டிடாதய்யா," என்றார் மச்சான். "சார் வீட்டம்மா நெத்திக்குக் கொஞ்சம் வை."